பட்டிமன்றமா, பதினாலு கட்டமா? இடஒதுக்கீட்டுப் பாடத்தை வகுப்பில் எடுக்க நாலு வழிகள்

ஸ்டாஃப் ரூமில் டீ வந்த நேரம். இந்த வருஷம் எங்கள் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த சமூக அறிவியல் மிஸ் பத்தாம் வகுப்புப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார். "சார், வரலாற்றுல கடைசி அலகுல வகுப்புவாரி அரசாணை, நீதிக்கட்சி எல்லாம் வருது. இடஒதுக்கீட்டை வெச்சு ஒரு பட்டிமன்றம் நடத்திரட்டுமா? பசங்க ஆர்வமா பேசுவாங்க."

வேண்டாம் என்று சட்டென்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டபோது மணி அடித்துவிட்டது. அந்த 'ஏன்'தான் இந்தக் கட்டுரை. அவரைப் போல அதே அலகை எடுக்கப்போகிறவர்கள் இன்னும் பல பேர் இருப்பார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இருபது வருஷத்துக்கு மேல் அரசுப் பள்ளியில் இந்தப் பாடத்தை நாலு விதமாக எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றில் நன்றாகவே சூடு பட்டிருக்கிறேன்.

முதல் வழி எல்லோருக்கும் தெரிந்தது. புத்தகத்தை வாசி, முக்கியமான வரிக்குக் கீழே கோடு போடு, பின்பக்கக் கேள்விக்கு விடை எழுதிப் போடு, போர்ஷனை முடி. இதைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் கடைசி அலகு வகுப்புக்கு வருவதற்குள் ரிவிஷன் டெஸ்ட் அட்டவணை வந்துவிடும். முப்பத்தெட்டுப் பேரில் பத்துப் பேர் தேறுவார்களா என்று ஹெச்.எம். தினமும் கேட்பார். அந்த நிலையில் இருக்கிற ஆசிரியரிடம் போய் விவாதம் நடத்து என்று சொல்ல எனக்கு மனசு வராது. புத்தகத்தில் உள்ளதை மட்டும் சொன்னால் யாரும் நம்மேல் புகார் எழுத முடியாது என்பதும் உண்மைதான்.

பாதி உண்மை என்று சொல்லலாம். புத்தகமே எத்தனை தடவை சண்டைக்கு வந்திருக்கிறது! 2011ல் சமச்சீர் புத்தகங்கள் உச்ச நீதிமன்றம் வரை போய்த் திரும்பி வந்தபோது சில பக்கங்களில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. சில இடங்கள் கறுப்பு மை பூசியிருந்தன. எங்கள் பசங்க அந்த வருஷம் வேறு எந்தப் பக்கத்தையும் அவ்வளவு கவனமாகப் படிக்கவில்லை. எச்சில் தொட்டு, நகத்தால் ஓரத்தைச் சுரண்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தார்கள். என்.சி.இ.ஆர்.டி. ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் ஆடையின் வரலாறு பற்றிய பாடத்தில் தோள்சீலைப் போராட்டம் இருந்தது. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணிய நடத்திய போராட்டம், 1859ல் வந்த அரச அறிவிப்பு என்று எல்லாம் அதில் உண்டு. அந்தப் பகுதியிலிருந்து தேர்வில் கேள்வி வராது என்று 2016 டிசம்பரில் சி.பி.எஸ்.இ. சுற்றறிக்கை விட்டது. 2019ல் அந்த அத்தியாயமே போய்விட்டது. 2012ல் என்.சி.இ.ஆர்.டி. அரசியல் அறிவியல் புத்தகத்தில் நேருவும் அம்பேத்கரும் இருந்த ஒரு பழைய கேலிச்சித்திரத்துக்காக நாடாளுமன்றமே அமளியானது, புத்தகத்துக்கு ஆலோசகர்களாக இருந்த யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்ஷிகரும் பதவி விலகினார்கள். அதே வருஷம் இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிய கேலிச்சித்திரத்துக்கு நம் பக்கத்திலிருந்தும் எதிர்ப்புக் கிளம்பியது. ஆக, புத்தகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம், ஆனால் அந்தச் சுவரையே அவ்வப்போது இடித்துக் கட்டுகிறார்கள்.

இதைவிடப் பெரிய குறை வேறு. புத்தகத்தோடு நின்றுவிட்டால் பையன் தலையில் இருக்கும் கேள்வி தலையிலேயே தங்கிவிடும். "அவனுக்கு ஸ்காலர்ஷிப் வருது, எனக்கு ஏன் வரல?" என்பது அவனுக்குப் பாடத்துக்கு முன்பே தெரிந்த கேள்வி. அதற்கு விடை வாட்ஸப்பில் ஒரு மாமா அனுப்பிய வீடியோவில் கிடைக்கும். சாதியைப் பற்றி வகுப்பில் வாயே திறக்கக் கூடாது, அதுதான் நல்லது என்று சொல்லும் நண்பர்கள் எனக்கும் இருக்கிறார்கள். நாம் வாய் திறக்காவிட்டால் கையில் கட்டிய சாதிக் கயிறு பேசும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டியதைப் பார்த்த பிறகும், அதை ஒட்டி அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கயிறு, மோதிரம், பொட்டு என்று சாதி அடையாளங்களைப் பட்டியல் போட்டுச் சொன்ன பிறகும், வகுப்புக்குள் சாதி இல்லை என்பது போல நடிக்க என்னால் முடியவில்லை.

இரண்டாவது வழி பட்டிமன்றம். சூடு பட்ட கதை இதுதான்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன், வேறொரு பள்ளியில், 'இடஒதுக்கீடு சாதி அடிப்படையிலா, வருமான அடிப்படையிலா' என்று தலைப்பு வைத்தேன். நான்தான் நடுவர். அணிக்கு நாலு பேர். முதல் பத்து நிமிஷம் பிரமாதமாகப் போனது. திருக்குறள் வந்தது, பாரதியார் வந்தார், கைதட்டல் வந்தது. பிறகு ஒரு பையன் எழுந்து, "சிலருக்கு ஃபீஸும் கட்ட வேண்டாம், மார்க்கும் எடுக்க வேண்டாம்" என்றான். மேடைப் பேச்சு வேகத்தில் வந்த வரி. அவன் கெட்டவனில்லை. ஆனால் அந்த வரியை முடிக்கும்போது அவன் கண் மூன்றாவது பெஞ்சுக்குப் போனது. வகுப்பில் பாதிப் பேர் கண்ணும் அங்கே போனது. அங்கே உட்கார்ந்திருந்த பெண் குனிந்து பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். எதிரணியில் ஒருவன் பதிலுக்கு எகிறினான். நான் நடுவராக இருந்ததால் தீர்ப்பு வேறு சொல்ல வேண்டியிருந்தது! அடுத்த மூன்று நாள் அந்தப் பெண் பள்ளிக்கு வரவில்லை. வயிற்றுவலி என்று அவள் அம்மா சொன்னார். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

பட்டிமன்றம் நமக்குக் கைவந்த வடிவம். பொங்கல் அன்று காலையில் டிவியைப் போட்டால் அதுதான். அதனால்தான் ஆபத்தும். அந்த வடிவத்தில் பேச்சாளர் ஜெயிக்க வேண்டும், கேட்பவர் சிரிக்க வேண்டும், நடுவர் கடைசியில் ஒரு பக்கம் சாய வேண்டும். மாமியாரா மருமகளா என்ற தலைப்புக்கு அது பொருந்தும். எதிரணியில் இருப்பவன் தன் பிறப்பையே அந்த அணியில் வைத்திருக்கும்போது அவனுக்குத் தோற்க இடமில்லை.

இதனால் பட்டிமன்றத்தையே தூக்கிப் போடச் சொல்லவில்லை. இந்தித் திணிப்பு பற்றிய பாடத்துக்கு நான் இன்றும் அதை வைக்கிறேன். அங்கே நிலைமை தலைகீழ். நம் வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் இருக்கும், எதிர்க்குரலே எழாது. அதனால் வகுப்பில் பாதிப் பேரை அன்றைய மத்திய அரசின் தரப்பைப் பேசச் சொல்வேன். 1963 ஆட்சிமொழிச் சட்டத்தில் ஆங்கிலம் 'தொடரலாம்' என்று இருந்தது, 'தொடர வேண்டும்' என்று இல்லை. அந்த ஒற்றைச் சொல்லுக்காக ஏன் இத்தனை கலவரம் என்று அவர்கள் கேட்க வேண்டும், மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும். நடுவில் ராஜாஜியைக் கொண்டுவந்து போடுவேன். 1938ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர் அவர். 1965ல் இந்தியை எதிர்த்தவரும் அவரே. "சார், அவரு எந்த அணி?" என்று ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் அன்றைய பீரியடுக்குக் காசு வசூல். அங்கே யாரும் பேனா மூடியைத் திறந்து மூட வேண்டியதில்லை.

ஆகவே என் கணக்கு இது. வகுப்பு ஒரே பக்கமாக நிற்கிற கேள்விக்குப் பட்டிமன்றம் வையுங்கள். வகுப்பு ஏற்கெனவே பிறப்பால் பிளந்து உட்கார்ந்திருக்கிற கேள்விக்கு வைக்காதீர்கள்.

மூன்றாவது வழி, ஆவணத்தைக் கொடுத்து வாசிக்க வைப்பது. மிஸ்ஸுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

கரும்பலகையில் முதலில் பன்னிரண்டு கட்டம் போடுங்கள். 1927ல் முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த வகுப்புவாரி அரசாணையில் அரசு வேலைக்கான பங்கு இது: பன்னிரண்டு இடம் என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறிஸ்தவர்களுக்கு 2, ஒடுக்கப்பட்டோருக்கு 1. அதற்குக் கீழே பதினாலு கட்டம். 1950ல் மருத்துவக் கல்லூரி இடங்களைப் பிரித்த விதம் இது: பிராமணரல்லாத இந்துக்கள் 6, பிற்பட்ட இந்துக்கள் 2, பிராமணர் 2, ஹரிஜனர் 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறிஸ்தவரும் 1, முஸ்லிம் 1. ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு பிள்ளை வந்து நிரப்பட்டும். எதுவும் விளக்காதீர்கள். "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய் ஜன்னலோரம் நில்லுங்கள்.

முதலில் "பன்னெண்டு, பதினாலு" என்பார்கள். பிறகு "முஸ்லிமுக்குக் குறைஞ்சிருக்கு" என்பார்கள். ஹரிஜனர் என்றால் யார் என்று ஒருவன் கேட்பான். அந்தச் சொல்லை இன்று ஏன் தவிர்க்கிறோம் என்பதை அங்கேயே சொல்லிவிடுங்கள். கடைசியில் யாராவது ஒருத்தி கண்டுபிடிப்பாள்: "சார், மேல 'பிற்பட்ட'ங்கிறதே இல்ல. கீழ புதுசா வந்திருக்கு." அவ்வளவுதான் வேண்டும். பிராமணரல்லாதார் என்று ஒரே கட்டத்துக்குள் இருந்தவர்களில் ஒரு பகுதியினர், எங்களுக்கு அதில் ஒன்றும் வந்து சேரவில்லை என்று கேட்டுத் தனிக் கட்டம் வாங்கினார்கள். இன்றைய 69 சதவீதத்தை அதற்குப் பக்கத்தில் எழுதுங்கள். பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் சாதியினர் 18, அதற்குள் 2009லிருந்து அருந்ததியருக்கு 3, பழங்குடியினர் 1. கட்டத்துக்குள் கட்டம் பிரிந்துகொண்டே வருவது பிள்ளைகளுக்குத் தானாகவே தெரியும். உள்ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் சொன்ன தீர்ப்பு அதற்குப் பிறகு தனியாக விளக்கம் கேட்காது.

இங்கே நடப்பதைக் கவனியுங்கள். எல்லோர் கண்ணும் பலகையில் இருக்கிறது. மூன்றாவது பெஞ்சுக்கு யாரும் திரும்பவில்லை.

அடுத்த பீரியடில் வழக்கு. செண்பகம் துரைராஜன் என்ற சென்னை பிராமணப் பெண் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காது என்று வழக்குப் போட்டார். 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அரசாணை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்றது. சென்னை மாகாணத்தில் கொந்தளிப்பு. பெரியார் போராட்டத்தில் இறங்கினார். இரண்டே மாதத்தில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, பின்தங்கிய வகுப்பினருக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) பிரிவு சேர்ந்தது. இதுவரை பலருக்கும் தெரிந்த கதை. தீர்ப்பில் இன்னொரு வரி இருக்கிறது. அந்தப் பெண் கல்லூரியில் சேர விண்ணப்பித்ததாக மனுவிலிருந்து தெரியவில்லை என்கிறது அது. இதைப் படித்துக் காட்டினால் வகுப்பு துள்ளும். "அப்ளையே பண்ணாம கேஸா?" என்று ஒரு பக்கம். "கிடைக்காதுன்னு தெரிஞ்சா எதுக்கு அப்ளை பண்ணணும்?" என்று இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது கேள்வியை அன்று கேட்டவன், தன் தாத்தாவும் அதே காரணத்தால் பல கதவுகளைத் தட்டவே இல்லை என்று ஐந்து நிமிஷம் கழித்துத் தானாகச் சொன்னான். பட்டிமன்றத்தில் எட்டுப் பேச்சாளர்கள் சேர்ந்து அந்த இடத்துக்கு வந்திருக்க மாட்டார்கள்.

வருமானமா சாதியா என்ற கேள்வியையும் தவிர்க்க வேண்டாம். நம் மாநிலமே அதைச் செய்து பார்த்திருக்கிறது. 1979ல் எம்.ஜி.ஆர். அரசு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேல் போனால் பிற்படுத்தப்பட்டோருக்குச் சலுகை கிடையாது என்று ஆணை போட்டது. 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தது இரண்டே இடம். ஆணை வாபஸ் ஆனது, பிற்படுத்தப்பட்டோர் பங்கு 31லிருந்து 50 ஆனது. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 சதவீதத்தை 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் ஏற்றது. ஐந்து நீதிபதிகளே ஒத்துப்போகாத கேள்விக்குப் பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு முடிவோடு வீட்டுக்குப் போக வேண்டும் என்று நாம் ஏன் எதிர்பார்க்க வேண்டும்?

இந்த வழியிலும் குறை உண்டு. வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். தீர்ப்பின் மொழி அவர்களுக்குக் கல். ஒரு பக்கத்துக்குமேல் கொடுக்காதீர்கள். ஆங்கில வாசகத்தை நீங்களே எளிய தமிழில் எழுதி ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மொழிபெயர்ப்புக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். அதோடு, காகிதத்தில் எல்லாம் சுத்தமாகத் தெரியும். அந்தப் பதினாலு கட்டத்தில் எந்தக் கட்டத்திலும் இடம் கேட்கக்கூட வராத குடும்பங்கள் இருந்தன என்பதைக் கட்டம் காட்டாது.

அதைக் காட்டுவது நாலாவது வழி, வீட்டில் கேட்டு வரச் சொல்வது. இதில் கேள்வியைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "உங்க தாத்தா காலத்துல தீண்டாமை இருந்துச்சா?" என்று கேட்டு அனுப்பினால் மறுநாள் காலை ஒரு அப்பா ஹெச்.எம். அறை வாசலில் நிற்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. நான் கேட்டது வேறு: "உங்க வீட்டுல முதன்முதலா பத்தாவது தேறினது யார்? எந்த வருஷம்?" துண்டுச் சீட்டில் வருஷத்தை மட்டும் எழுத வேண்டும், பெயர் வேண்டாம், உறவுமுறை வேண்டுமானால் எழுதலாம். ஒரு டப்பாவில் போட்டு, குலுக்கி, பலகையில் வரிசையாக எழுதினோம். 1954, கொள்ளுத்தாத்தா. 1971. 1978, பெரியப்பா. பிறகு எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கொத்தாக. 2006, அத்தை. 2015, அண்ணன். கடைசியில் ஐந்து சீட்டில் வருஷமே இல்லை. நாலில் கேள்விக்குறி. ஒன்றில் மட்டும், "நான்தான், வர்ற ஏப்ரல்ல."

சாதி என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை. ஆனால் 1954க்கும் வர்ற ஏப்ரலுக்கும் நடுவில் உள்ள தூரத்தை எல்லோரும் பார்த்தார்கள். எந்தச் சீட்டு எந்தத் தெருவிலிருந்து வந்திருக்கும் என்று அவரவர் மனசுக்குள் ஊகித்திருப்பார்கள், அதை என்னால் தடுக்க முடியாது. அப்பா அம்மா இல்லாமல் பாட்டி வீட்டில் வளரும் பிள்ளை அந்தச் சீட்டை எப்படி நிரப்பும் என்பதை நான் முதல் தடவை யோசிக்கவில்லை. அதனால் இப்போது, "உங்களுக்குத் தெரிந்த யாராவது ஒரு பெரியவர்" என்று சேர்த்துச் சொல்கிறேன். இந்த வழி ஆழமாகப் போகும், ஆனால் கட்டுப்பாடு நம் கையில் இருக்காது. வகுப்புப் பிள்ளைகளைக் குறைந்தது ஆறு மாசமாவது தெரிந்திருந்தால் செய்யலாம். புதிதாகச் சேர்ந்த வருஷத்தில் வேண்டாம்.

நாலு வழிக்கும் பொதுவாக ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஆசிரியர் தன் கருத்தைச் சொல்லலாமா? மேற்கு ஜெர்மனியில் 1976ல் பாய்ட்டல்ஸ்பாக் என்ற சிற்றூரில் கல்வியாளர்கள் கூடி இதைப் பேசினார்கள். அங்கிருந்து வந்த மூன்று விதிகளில் இரண்டு எனக்குக் கைகொடுத்தவை. மாணவனைக் கருத்தால் அமுக்காதே. வெளியே சர்ச்சையாக இருப்பதை வகுப்பிலும் சர்ச்சையாகவே காட்டு. மூன்றாவது, தன் நிலை என்ன, தன் நலன் எதில் இருக்கிறது என்று மாணவனே பிரித்துப் பார்க்கும்படி செய். நல்ல விதிகள்தான். ஆனால் நம்மூரில் நடுநிலை ஆசிரியர் என்று ஒருவர் கிடையாது. நான் வகுப்புக்குள் நுழையும் முன்பே என் ஊர், என் தெரு, என் மாமனார் ஊர் எல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியும். கருத்தே இல்லாதவர் போல நின்றால், ஒளிக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். அதனால் நான் பாடத்தின்போது சொல்வதில்லை. எல்லாம் முடிந்தபிறகு யாராவது கேட்டால் சொல்வேன், எனக்கு எதிராக உள்ள வலுவான வாதத்தையும் சேர்த்தே சொல்வேன்.

ஒன்றில் மட்டும் இந்த விட்டுக்கொடுத்தல் கிடையாது. தீண்டாமை சரியா தவறா என்பது விவாதத்துக்கு உரிய கேள்வி இல்லை. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதை முடித்துவிட்டது. இடஒதுக்கீடு எவ்வளவு, யாருக்கு, எத்தனை காலம் என்பதெல்லாம் திறந்த கேள்விகள், அங்கே எந்தப் பையனும் எதையும் கேட்கலாம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து 'இரு தரப்பு' என்று பேச விட்டதுதான் அந்தப் பட்டிமன்றத்தில் நான் செய்த தப்பு என்று இப்போது தோன்றுகிறது.

மிஸ்ஸுக்கு நான் எழுதிக் கொடுத்தது மூன்று பீரியடுக்கான கணக்கு. முதல் நாள் கட்டங்கள். இரண்டாம் நாள் செண்பகம் வழக்கு, 1979 ஆணை. மூன்றாம் நாள் புத்தகம், கோடு போடுவது, பின்பக்கக் கேள்வி, தேர்வுக்கு வேண்டியது எல்லாம். கடைசி அலகு வரும்வரை காத்திருக்காமல் ஆகஸ்டிலேயே எடுத்துவிடச் சொன்னேன். ஹெச்.எம்.மிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி, கொடுக்கப்போகும் ஜெராக்ஸில் ஒரு பிரதியை அவர் மேஜையில் வைத்துவிடச் சொன்னேன். யாராவது கேட்டு வந்தால் அவர் கையில் காட்ட ஒரு காகிதம் இருக்கும். சீட்டுக் குலுக்குவதை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

"முதல் நாளே யாராவது, 'மிஸ், நான் இதுல எந்தக் கட்டம்?'னு கேட்டா என்ன சார் பண்றது?" என்று அவர் கேட்டார்.

கேட்பார்கள். என்னிடமும் ஒரு பையன் கேட்டான். "வீட்டுல உன் சான்றிதழ் இருக்கும், நீயே எடுத்துப் பார், இங்கே சொல்ல வேண்டாம்" என்பதுதான் நான் சொல்லும் பதில். மறுநாள் அவன் வந்து பலகையை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் போய் உட்கார்ந்தான்.